வாவிப் பக்கத்துச் சுவர்

எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்துவைப்போம். களுவாஞ்சிக்குடியில் என் மகளுக்காக மேல்மாடி கட்டியபோது கலியாண நாள் நெருங்கிவிட்டது. தூணில் துளை போட்டு, மூன்று கல்வரிக்கு ஒரு கம்பியைச் சுவருக்குள் விடட்டுமா என்று மேசன் கேட்டார்.

"இன்னும் ஒரு கிழமை பிடிக்கும் ஐயா."

"கம்பி தேவல்ல, கட்டுங்க" என்றேன்.

முப்பது வருடம் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து, கம்பி வைக்காத சுவர்களை இடித்துக் கட்டச் சொன்னவன் நான். நிலம் ஆடினால் தூணும் பீமும் நிற்கும், பிணைக்காத சுவர்தான் முழுசாக ஆள் மேல் விழும் என்று எத்தனை பேரை ஏசியிருப்பேன்!

கலியாணம் முடிந்து வருடங்கள் போய்விட்டன. போன மாதம் நிலம் ஒருதரம் லேசாக நடுங்கியது. மறுநாள் மேலே போய்ப் பார்த்தேன். வாவிப் பக்கத்துச் சுவர் தூணைவிட்டு மயிரளவு பிரிந்திருந்தது, மேலிருந்து கீழ்வரை. அந்தச் சுவரோரம் பேரனின் கட்டில்.

"கட்டில அங்கால இழுத்துப் போடு மகள்."

"ஏன் அப்பா?"

சுவரின் இரண்டு பக்கமும் கம்பிவலை அடித்து, தூணோடு பிணைத்துப் பூசினால் போதும். ஆனால் அதற்கு முதலில் நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

"யன்னலால பின்னேர வெயில் அடிக்குது" என்றேன்.

அடுத்த நாளே அவள் அந்த யன்னலுக்குத் தடித்த திரை தைத்துப் போட்டாள். கட்டில் அங்கேயேதான் கிடக்கிறது.