டிபன் பாக்ஸ்ல வெட்டியிருந்த பேரு

அம்மா கோர்ட்லேர்ந்து வந்ததும் கருப்பு கோட்டக் கழட்டி கதவுல மாட்டுவாக... அதுல ரெண்டு வாசம் அடிக்கும். ஒண்ணு பஸ் டீசல். இன்னொண்ணு தீக்காயத்துக்குப் போடுற களிம்பு. களிம்பு வாசம் வந்தா அன்னைக்கு அம்மா சரியா சாப்பிட மாட்டாக.

எங்க வீடு விருதுநகர். அம்மா இலவச சட்ட உதவி வக்கீல். சிவகாசிப் பக்கம் எந்தப் பட்டாசு கம்பெனில விபத்துன்னாலும் மறுநாள் பஸ் ஏறிருவாக. என் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு "கட்டாயம் வர்றேன்டி"ன்னு சொல்லிட்டு வராமப் போனது எத்தனையோ தடவ. கோவம்னா அம்புட்டுக் கோவம் வரும் எனக்கு.

நான் பத்தாவது படிக்கிறப்ப விஸ்வநத்தத்து பேச்சியம்மா கேஸ் வந்துச்சு. வெடி விபத்துல ரெண்டு கையும் வெந்து போச்சு. கம்பெனி என்ன சொன்னுச்சு தெரியுமா? "இந்தப் பொம்பள எங்ககிட்ட வேலையே பார்க்கல."

ரெஜிஸ்டர்ல பேரு இல்ல. கூட வேலை பார்த்தவுக யாரும் வாயத் திறக்கல, அடுத்த சீசனுக்கு அவுகளுக்கும் வேலை வேணுமே. அங்கன வேலை பார்த்தவதான்னு காட்டலேன்னா வைத்தியத்துக்குக்கூட ஒண்ணும் கிடைக்காது.

அம்மா பைலப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாக. ஒண்ணும் சிக்கல. ஒரு சாயங்காலம் என் டிபன் பாக்ஸக் கழுவிக்கிட்டிருந்தவுக அப்படியே நின்னுட்டாக.

"ஏட்டி, இதுல யாரு பேரு வெட்டியிருக்கு?"

"பக்கத்து வீட்டு ஜமால் மாமா பேரு. அவுக குடுத்ததுதானம்மா?"

நம்ம ஊர்ல தெரியும்ல... விசேஷத்துக்குப் பாத்திரம் வச்சுக் குடுத்தா, குடுக்குறவுக பேரத்தான் கடைல வெட்டி வாங்குவாக. எங்க அடுப்படில பாதிப் பாத்திரம் சொந்தக்காரவுக பேருலதான் கெடந்துச்சு.

வெடிச்ச இடத்துல போலீஸ் எடுத்த சாமான் லிஸ்ட்ல ஒரு வரி இருந்துச்சாம்... 'பெயர் வெட்டிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்று'. அம்மா மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடுனாக. லீவுங்கிறதால நானும் போனேன்.

"பேச்சி, அது உன் பாக்ஸா?"

"என்னோடதுதான் வக்கீலம்மா. ஆனா அதுல என் பேரு இல்லையே, அது எதுக்கு ஆகும்னு சொல்லாம விட்டுட்டேன்."

"பின்ன யாரு பேரு?"

"எங்க போர்மேன் அண்ணாச்சி பேரு. எம் மக சடங்குக்கு அவுகதான் குடுத்தாக."

அம்மா வார்டுலயே சத்தமாச் சிரிச்சுட்டாக. நர்ஸு திரும்பி முறைச்சுச்சு.

லேபர் கோர்ட்டுக்கும் நான் கூடப் போனேன். அதே போர்மேன் கம்பெனி பக்கம் சாட்சி சொல்ல ஏறினாரு. "இந்தம்மாவ நான் பார்த்ததே இல்லங்கய்யா"ன்னாரு. அம்மா கத்தல. போலீஸ்கிட்டருந்து வரவழைச்ச அந்தக் கருகுன பாக்ஸ அவரு கைல குடுத்து, "கொஞ்சம் சத்தமா வாசிங்க அண்ணாச்சி"ன்னாக. அம்புட்டுத்தான்.

"அன்பளிப்பு..."ன்னு ஆரம்பிச்சாரு. அடுத்து அவரு பேரு. பேச்சி மக சடங்குக்குத் தான் குடுத்ததுதான்னு மனுசனுக்குத் தெரிஞ்சுபோச்சு. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, "எங்கிட்ட வேலை பார்த்த பிள்ளதான்யா"ன்னாரு.

எனக்கு எந்திரிச்சுக் கை தட்டணும் போல இருந்துச்சு. ஆண்டு விழாவாவது மண்ணாங்கட்டியாவது! எங்க அம்மாடா இதுன்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்தணும்னு இருந்துச்சு.

வெளிய வந்து போர்மேனக் கண்டபடி திட்டுனேன். அம்மா என்னத்தான் அதட்டுனாக. "வாய மூடுட்டி. அந்த மனுசனும் சம்பளத்துக்கு இருக்கிறவருதான். கடைசில நெசத்தச் சொன்னாருல்ல."

தீர்ப்பு வந்த அன்னைக்கு, எவ்வளவு கிடைக்கும்னு பேச்சியம்மா கேக்கல. "அதுல நான் அங்கன வேலை பார்த்தேன்னு போட்டிருக்கா?"ன்னுதான் கேட்டுச்சு. அம்மாவ மூணு தடவ வாசிக்க வச்சுச்சு.

இப்ப அம்மாவுக்கு முட்டி வலி, கோர்ட்டுக்குப் போறதில்ல. கம்பெனிலயெல்லாம் கேமரா, கைரேகைன்னு என்னென்னமோ வந்துருச்சு. போன வாரம் நான் ஊருக்குப் போயிருந்தப்ப, ரெண்டு பேரும் சாப்பிட உக்கார்ந்த நேரம் திருத்தங்கல்லேர்ந்து ஒரு போன். அந்தப் பக்கம் ஒரு பொம்பள அழுகுது. "கம்பெனில, நீ எங்க ஆளே இல்லங்கிறாக வக்கீலம்மா..."

அதே வார்த்த. இத்தன வருசங் கழிச்சும்.

"அழாத தாயி. மொதல்ல உன் பேரச் சொல்லு"ன்னுக்கிட்டே அம்மா இடது கையால மேஜையத் துழாவுனாக. சாப்பாடு ஆறிக்கிட்டிருந்துச்சு. அந்தக் காலத்து நானா இருந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பேன்.

பேனாவ எடுத்து மூடியக் கழட்டி, நானே எழுத ஆரம்பிச்சேன்.