பூஜ்யத்தைப் பற்றி ஒன்பது புத்தகங்கள்

திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்திலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குப் புதுச்சேரி வண்டி புறப்பட்டது. டிக்கெட் தொண்ணூறு ரூபாய். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. மடியில் ஒரு பெரிய ரெக்சின் பை. உள்ளே ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான். திரும்பும்போது அதில் புத்தகங்கள் வரவேண்டும். எல்லாம் பூஜ்யத்தின் வரலாற்றைச் சொல்லும் புத்தகங்கள்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் நண்பன் லூர்துநாதன் புதுச்சேரிக்காரன். அங்கே கல்லூரியில் இருவரும் கணிதம் படித்தோம். இரண்டாம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்தி வீதி நடைபாதைச் சந்தையில், பழைய சட்டைகளுக்கும் ஸ்பேனர்களுக்கும் நடுவே ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. பூஜ்யத்தின் கதை. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. எழுதியவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஒருவன் காசு போதாமல் இருவரும் சேர்ந்து வாங்கினோம். அதனால் அது இருவருக்கும் சொந்தம். ஒரு வருடம் கார்த்திகை தீபத்துக்கு அவன் எங்கள் ஊருக்கு வந்து என்னிடம் கொடுப்பான். அடுத்த வருடம் கிறிஸ்துமஸுக்கு நான் கொண்டுபோய் அவனிடம் கொடுப்பேன். வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று எது வந்தாலும் அந்த முறை மாறவில்லை. கடைசித் தீபத்துக்கு மட்டும் முழங்கால் வலி என்று அவன் வரவில்லை.

இப்போது வீட்டை விற்றுவிட்டு மனைவி மதலேனோடு பிரான்ஸுக்கே போகிறான். மகள் லியோன் நகரத்தில் இருக்கிறாள். “எங்கிட்ட இருக்கிற பூஜ்யப் புக்கெல்லாம் வந்து எடுத்துக்கோடா” என்று போனில் சொன்னான். அந்த ‘எல்லாம்’ என்பதில் அட்டையில்லாத புத்தகமும் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை. முறைப்படி அது இப்போது என்னிடம் இருக்கவேண்டியது. அதை வாங்கிவரத்தான் போனேன். மற்றதெல்லாம் எனக்கு இலவச இணைப்புதான்.

திண்டிவனத்தில் ஒருவர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறாராம். “சுத்திப் பாக்கவா சார் போறீங்க?” என்று கேட்டார்.

“இல்லீங்க, புத்தகம் எடுத்துட்டு வரப் போறேன். பூஜ்யம் எப்படி வந்துச்சுன்னு எழுதின புத்தகங்க.”

“ஒண்ணுமில்லாததுக்கு ஒரு புக்கா சார்?”

“ஒண்ணா? ஏகப்பட்டது இருக்கு.”

“அப்ப எழுதனவங்களுக்கு வேற வேலை இல்ல” என்று சிரித்தபடி கோரிமேட்டில் இறங்கிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் சொன்னதில் பாதி உண்மைதான். இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ‘பூஜ்யம் இல்லாத உலகத்தைக் கற்பனை செய்யுங்கள்’ என்று தொடங்குவார்கள். பிறகு பூஜ்யம் எங்கே பிறந்தது என்று ஆளுக்கு ஓர் ஊரைச் சொல்வார்கள். ஒருவர் பாபிலோனியக் களிமண் பலகையைக் காட்டுவார். இன்னொருவர் குவாலியர் கோயில் சுவரில் பூந்தோட்டத்தை அளந்து வெட்டிவைத்த கல்வெட்டைக் காட்டுவார். மூன்றாமவர் கம்போடியாவுக்குப் படகேறுவார். தமிழில் எழுதுகிறவர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். பழைய தமிழ் எழுத்தில் பத்துக்கும் நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி இருந்தது, பூஜ்யம் இல்லாமலேயே காலம் ஓடியது என்பதை அவர்கள் சொல்லமாட்டார்கள். பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்ற இடம் வந்ததும் எல்லா ஆசிரியர்களும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். இவ்வளவும் தெரிந்தும் புதிதாக ஒன்று வந்தால் நாங்கள் வாங்காமல் விட்டதில்லை.

எட்டே முக்காலுக்குப் புதுச்சேரி. ஆட்டோக்காரர் மிஷன் வீதிக்கு நூற்றைம்பது கேட்டார். நான் நூறு என்றேன். “ஒன்வே சார், சுத்திக்கினு போவணும். நூத்தி இருவது குடுங்க” என்றார். ஏறிக்கொண்டேன். நான் படித்த காலத்தில் இந்த வீதிகளில் சைக்கிள் மணிச் சத்தம்தான் அதிகம். ஒரே சைக்கிளில் லூர்து மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டு போவேன். குபேர் அங்காடி மீன்காரம்மாக்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். இப்போது வாடகை ஸ்கூட்டர்களில் வெளியூர்ப் பிள்ளைகள் படம் எடுத்தபடி போகிறார்கள். அன்று செவ்வாய்க்கிழமை, சந்தை இல்லை. புத்தகம் கிடந்த அந்த இடத்தில் ஒரு செல்போன் கடையின் படிக்கட்டு இருந்தது. அதைக் கடந்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

லூர்து வாசலிலேயே நின்றிருந்தான். இளைத்திருந்தான். “இன்னாடா, தலையில ஒண்ணுமே இல்ல?” என்றான். “உனக்கு மட்டும் காடா வளந்திருக்கு?” என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டோம். அவன் விடச் சற்று நேரம் ஆனது.

கூடத்தில் நான்கு பெட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. “பிளேன்ல ஆளுக்கு ரெண்டு வலீஸ்தான் விடுவான். ஒண்ணொண்ணும் இருவத்திமூணு கிலோ. அதுல ஒரு முழு வலீஸு இவ வடகமும் மொளகாப்பொடியும்” என்றான். பெட்டியை வலீஸ் என்றுதான் அவன் வீட்டில் எப்போதும் சொல்வார்கள். புத்தக அலமாரி சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மேஜைமேல் எனக்கென்று புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அட்டையில்லாத புத்தகம் அதில் இல்லை.

நான் கேட்கவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில் எதை எதையோ கேட்டிருக்கிறோம். இதைக் கேட்க வாய் வரவில்லை. என் முறை அல்லவா என்று சின்னப் பிள்ளைபோல மனம் முரண்டு பிடித்தது.

மதியம் மதலேன் கிழங்கான் மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு, அந்த அடுக்கிலிருந்து ஆளுக்கொன்றை எடுத்து வைத்துக்கொண்டு பழையபடி சண்டை போட்டோம். அவன் பாபிலோன் கட்சி, நான் குவாலியர் கட்சி. “வெறும் காலி எடத்துக்கு ஒரு குறி போட்டா அது பூஜ்யம் ஆயிடுமாடா?” என்று நான் கத்த, “மே நோன், இல்லவே இல்ல, அங்கதான்டா ஆரம்பிச்சுது!” என்று அவன் மேஜையைத் தட்ட, கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எத்தனை சந்தோஷமான ஒரு மணி நேரம் அது! இனி யாரோடு இப்படிச் சண்டை போடுவேன் என்று நினைத்ததும் என் குரல் தானாக இறங்கிவிட்டது.

மூன்றரை மணிக்குப் பையைத் திறந்தேன். மதலேன் புத்தகங்களை எடுத்துத் தர வந்தவர், எண்ணிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“பத்து இருக்குதுண்ணே. பூஜ்யத்துல முடியிற மாதிரி குடுக்கக்கூடாது.”

லூர்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “பூஜ்யத்தப் பத்தியே பத்து புக்கு குடுக்கறேன், இவளுக்கு பூஜ்யம் ஆவாதாம்!”

“நீங்க சிரிங்க. மொய்க்கே ஒத்த ரூபா சேத்துதான் வைக்கிறோம். பொண்ணு கல்யாணத்துக்குத் தட்டு எத்தனை எடுத்தோம்? இருவத்தியொண்ணு. வீட்ட விட்டுப் போவும்போது குடுக்கறது, கொறயா இருக்கக் கூடாது” என்றார். அரியாங்குப்பத்தில் பிறந்தவர்; மாதா கோயிலுக்கு ஒரு நாள் தவறாமல் போகிறவர்; இந்த விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இம்மியும் சளைத்தவர் அல்ல. அலமாரியைப் பார்த்தார். காலி. நேராகப் போய் ஒரு பெட்டியில் மடித்து வைத்த கம்பளிச் சட்டையைத் தூக்கி, அதன் அடியிலிருந்து அட்டையில்லாத அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து அடுக்கின் மேல் வைத்தார். “இந்தாங்க, பதினொண்ணு.”

லூர்து சிரிப்பை நிறுத்திவிட்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் அப்பா இறந்த அன்று அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் கை போகவில்லை. அதை எடுத்து அவன் பெட்டியிலேயே வைத்தேன். பத்திலிருந்து, எனக்குப் புரியாத தடித்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றையும் உருவி அவன் கையில் கொடுத்தேன்.

“ஒம்பது. சரியாம்மா?”

மதலேன் என்னையே பார்த்தார். “ஒத்தப்படைதான்” என்று மட்டும் சொன்னார்.

“டேய், இது ஒரு கிலோ இருக்கும்டா” என்று லூர்து பிரெஞ்சுப் புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. “இப்ப உன் முறைடா” என்றான்.

“தெரியும். நீயே கொண்டாந்து குடு.”

“தீபத்துக்கு வரேன்.”

“வா.”

நாலே காலுக்குத் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. முழங்கால் காரணமாக லூர்து வாசலோடு நின்றுகொண்டான். பையைத் தூக்கிவிட மதலேன் தெருமுனைவரை வந்தார். அவனுக்குக் கேட்காத தூரம் வந்ததும் தணிந்த குரலில் சொன்னார்:

“தெரிஞ்சேதாண்ணே அந்தப் புக்க எடுத்தாந்தேன். மொய்க் கணக்கெல்லாம் சும்மா ஒரு சாக்கு. அது உங்ககிட்ட வந்துட்டா அவரு மனசு ஆறிடும்னு பாத்தேன். இப்ப அங்க போயும் தீபம் எப்ப, டிக்கெட்டு எவ்ளோன்னு கேட்டுக்கினே இருப்பாரு. இவரு பிளேன்ல இந்த ஒரு தடவைதான் போவலாம், திரும்பி வர ஒடம்பு தாங்காதுன்னு டாக்டரு என்கிட்ட மட்டும் சொல்லியிருக்காரு. அவருக்கு இன்னும் தெரியாது.”

“திரும்பிப் போய் வாங்கிட்டு வரட்டுமாம்மா?” என்றேன். “வேணாம், ஏறுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐந்து மணி வண்டியில் இடம் கிடைத்தது. பை நல்ல கனம். கோரிமேடு தாண்டும்வரை, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மதலேன் சொன்னது நியாயம். போகிற ஊரில் அவன் காலூன்ற வேண்டும். இங்கே ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அங்கே எப்படி வாழ்வது? எனக்கென்ன, அதே ஊர், அதே தெரு, அதே அலமாரி. பெரிய மனசு பண்ணுவதாக நினைத்து அவன் நிம்மதியைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இதெல்லாம் புரிந்தும் நான் இறங்கவில்லை. லியோனில் அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் தீபம் மறந்துபோகிற அளவுக்கு ரொம்பவும் நன்றாக இருந்துவிட வேண்டாம்.