முப்பத்தி நாலாம் அளவு

என் கணவர் ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சென்னைக்குப் போவார். கேட்டால், ஆழிப்பேரலை நினைவு நாள் என்பார். ஆம்பூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? பாலாற்றில் தண்ணீர் வந்தாலே பாலத்துக்கு ஓடிப்போய் வேடிக்கை பார்க்கிற ஜனம் நாங்கள். எங்கள் சொந்தத்தில் அலை கொண்டுபோனவர் என்று யாரும் இல்லை. கல்யாணமான முதல் வருஷமே எனக்குச் சுருக்கென்றது.

“கல்யாணத்துக்கு முன்னாடி அங்க துறைமுகத்துல வேலை செஞ்சேன். தெரிஞ்சவங்க இருக்காங்க,” என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

போவதோடு நின்றிருந்தால் நானும் விட்டிருப்பேன். கார்த்திகை தீபம் முடிந்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஜோடி மரக்கட்டையை எடுப்பார். ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கட்டை. நாங்கள் இருவரும் ஒரே ஷூ கம்பெனியில்தான் வேலை. நான் மேல்தோலைத் தைக்கிறவள், அவர் அதைக் கட்டையில் இழுத்து ஒட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கதவோரம் உட்கார்ந்து, விலைக்கு வாங்கிவந்த துண்டுத் தோலில் பெண்கள் போடுகிற ஒரு ஜோடி ஷூ செய்வார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும், தையலைத் தடவிக்கொடுப்பதும் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். எனக்கு அறுந்த செருப்பு வாரைக்கூட அவர் தைத்துத் தந்ததில்லை. என் கால் என்ன அளவு என்றாவது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

கட்டையில் முப்பத்தி நாலு என்று பொறித்திருந்தது. என் கால் முப்பத்தி எட்டு.

பக்கத்து மெஷினில் உட்காருகிறவளிடம் சொன்னேன். பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வீட்டில் உருது பேசுகிறவள். சந்தேகப்படுவதில் என்னை மிஞ்சியவள்.

“யாராவது சின்னப் பொண்ணா இருக்குமா?” என்று கேட்டேன்.

“இன்னாக்கா பேசுற? சின்னப் பொண்ணுன்னா வருஷா வருஷம் காலு வளரும், அளவு ஏறணும். நாம பசங்களுக்கு ஷூ தைக்கல? இது ஏறவே இல்ல. வளந்து முடிஞ்ச பொம்பளதான். காலு மட்டும் சின்னது.”

ஷூ தைக்கிறவள் சொன்ன நியாயம். அப்படியே நம்பினேன். அன்றிலிருந்து அந்தச் சின்னக் கால்காரி என் வீட்டில் எங்களோடு குடியிருந்தாள். அவர் சென்னையிலிருந்து திரும்பினால் சட்டையை மோந்து பார்ப்பேன். உப்புக்காற்றும் மீனும்தான் நாறும். மீன்காரியோ என்று அதற்கும் ஒரு சந்தேகம். உண்மை என்று தெரிந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கணியம்பாடிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

போன டிசம்பரில், பையில் ஷூவை வைத்துக்கொண்டு அவர் செருப்பைத் தேடும்போது, “நானும் வர்றேன்,” என்றேன். தடுப்பார் என்று நினைத்தேன். “சரி, வா,” என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னது இன்னும் மோசம். போன் பண்ணி அவளை ஒளியச் சொல்லியிருப்பார். ரயிலில் அவர் போனை எடுத்த போதெல்லாம் எட்டிப் பார்த்தேன்.

துறைமுகத்தைத் தாண்டி ஒரு மீனவர் குப்பம். அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. படகுகள் வரிசையாகக் கரையில் கிடந்தன. சாமியானா போட்டு, இறந்தவர்களின் படங்களை வைத்து மாலை போட்டிருந்தார்கள். பெண்கள் குடம் குடமாகப் பாலைக் கடலில் ஊற்றி அழுதார்கள். நான் படங்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருத்தியின் காலையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஷூவை எடுத்து ஒரு படத்தின் முன்னால் வைத்தார். இரட்டைப் பின்னல் போட்ட, பள்ளிச் சீருடைப் பெண்.

பக்கத்தில் நின்ற வயதான அம்மா என் கையைப் பிடித்தாள். “பொஞ்சாதியா? இப்பத்தான் கூட்டியாரத் தோணுச்சா இவனுக்கு? எம் பொண்ணும்மா இது. எங்க வூட்லதான் இவன் குடியிருந்தான். கிறிஸ்துமஸ் லீவுல ஊருக்குப் போறப்ப, எனக்கு ஷூ எடுத்துனு வாண்ணான்னு பேப்பர்ல காலை வெச்சு வரஞ்சு குடுத்தா. செஞ்சு எடுத்துனுதான் வந்தான்.” முந்தானையால் படத்தைத் துடைத்தாள்.

வளராத கால் இன்னொன்றும் உண்டு என்பது, வருஷம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஷூ தைக்கிற எனக்கும் பக்கத்து மெஷின்காரிக்கும் தோன்றவில்லை.

பூசை முடிந்ததும், அளவு சரியாக இருந்த ஒரு குப்பத்துச் சிறுமியைக் கூப்பிட்டு அந்த ஷூவைப் போட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் அப்படித்தானாம். அது குதித்துக்கொண்டு ஓடியது. அந்த அம்மா அதையே பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“எத்தினி வருஷமாப்பா இதே அளவு செய்வ? அவ வளந்திருக்க மாட்டாளா?”

அந்த அம்மா என் காலைப் பார்த்தாள். “இருந்தா இவ வயசுதான். வர்ற வருஷம் இவ அளவுக்குச் செஞ்சு எடுத்துனு வா. பூசை முடிஞ்சு இவளே போட்டுனு போவட்டும்.”

திரும்பும் ரயிலில், “ஏங்க எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா நீ அழுவ. இல்லன்னா நம்ப மாட்ட. ரெண்டையும் என்னால தாங்க முடியாது,” என்றார். நம்பியிருக்க மாட்டேன் என்பது உண்மைதான்.

இந்த வருஷம் தீபம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தினசரித் தாளைத் தரையில் விரித்து என்னைக் கூப்பிட்டார். என் காலை எடுத்து அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் கால் அளவு அவர் கைக்கு வந்தது. சந்தோஷமாக இருந்தது. ஆனால் அவர் குனிந்து வரைந்த விதத்தைப் பார்த்ததும் பழைய சந்தேகம் திரும்ப வந்தது. இப்போது அவர் பிடித்திருப்பது யாருடைய கால்?

கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தேன். அவர் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது.

“ஆட்டாத,” என்றார்.

நான் காலை ஆட்டவில்லை.