துலாவில் நின்ற அப்பா

என் அப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டு சாதி மனிதர்கள்தான்: விடியமுன் தோட்டத்தில் நிற்பவர்கள், மற்றவர்கள். மற்றவர்களுக்காக அவர் மனதார இரக்கப்பட்டார். உழைக்கிற வீட்டுக்கு ஒரு குறையும் வராது என்று கோயில் வாசலில் சத்தியம் பண்ணுவதுபோல் சொல்வார். எனக்கு அப்போது பத்து வயது. நானும் நம்பினேன்.

அந்த வருடம் சண்டையால் மண்ணெண்ணெய் வராமல் தண்ணீர் இறைக்கும் மெசின் சாக்குக்குள் கிடந்தது. ஊரில் கிணற்றடிகளில் பழைய துலாக்களை, அந்த ஏற்றமரங்களை, மறுபடி நிறுத்தியிருந்தார்கள். கிணறு நாலு வீட்டுக்குப் பொது. எங்கள் முறை வெள்ளிக்கிழமை காலை. தவறினால் அடுத்த வெள்ளிவரை வெங்காயம் வாடும். அப்பா துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து மிதிப்பார். அம்மா கீழே நின்று பட்டை வாளியில் வரும் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். நான் மண்வெட்டியோடு அதைப் பாத்தி பாத்தியாகத் திருப்பிவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வடக்கே ஆமியின் ஹெலிகொப்டர் இரைந்தது.

“இறங்குங்கோப்பா, ஹெலி வருது!” என்று அம்மா கத்தினார்.

“முறை முடியேல்லை. உவன் தன்ரை பாட்டிலை போவான்.”

அவன் போகவில்லை. பனங்கூடலுக்குமேல் தாழ்ந்து சுடத் தொடங்கினான். அம்மா கிணற்றுக் கட்டோடு ஒட்டிக் குந்திவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தபடி தண்ணீர்ப் பாத்திக்குள் குப்புற விழுந்தேன். தலையைத் திருப்பிப் பார்த்தால் அப்பா துலாவின் நடுவே அசையாமல் நின்றார். இறங்கத் தெரியாதவர்போல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதன்பிறகுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

சத்தம் ஓய்ந்தும் நான் எழும்பவில்லை. வரம்பில் கால் பிசகி ஒரு பயிர் மிதிபட்டாலே நாள் முழுக்கத் திட்டும் அப்பா, பாத்திகளுக்குக் குறுக்கே வெங்காயம் நசுங்க ஓடிவந்து என்னைப் புரட்டினார். நான் கண்ணைத் திறந்தேன். கன்னத்தில் பளாரென்று ஒன்று விழுந்தது.

“ஏன் பிள்ளை அசையாமல் கிடந்தனீ?”

முறை பாதியில் நின்றது. அன்று அப்பா திரும்பத் தோட்டத்துக்குப் போகவில்லை. பின்னேரம் அம்மாவிடம் மெல்லக் கதைப்பது கேட்டது.

“உன்ரை தம்பியிட்டைச் சொல்லு. இவளை எப்பிடியாவது அங்கை எடுக்கட்டும்.”

அம்மாவின் தம்பி வெளிநாட்டில் இருந்தார். மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவன் என்று அப்பா பெயரைக்கூட வாயில் எடுக்காத மனிதர்.

என்னால் வெங்காயம் மிதிபட்டதற்காகத்தான் என்னை அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். மறுநாள் விடியமுன் தனியே தோட்டத்துக்கு ஓடினேன். உடைந்த வரம்புகளைக் கட்டி, சாய்ந்த பயிர்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தேன். நன்றாக வேலை செய்தால் என்னை வீட்டிலேயே வைத்துக்கொள்வார் என்று நம்பினேன்.