ஏழென்று வைத்துக்கொண்ட கணக்கு

கோயில் திருவிழாவுக்குப் பொங்கும்போது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எடுத்த எடுப்பில் அண்டாவில் கைவைக்க மாட்டார்கள். முதலில் சின்னச் சட்டியில் பொங்கி ருசி பார்ப்பார்கள். அப்புறம், அது எத்தனை மடங்கானால் அண்டா நிறையும் என்று பார்த்து அரிசியும் சர்க்கரையும் அளப்பார்கள். “சட்டியில சரியா வந்தா அண்டாவுல சறுக்காது” என்பது அம்மாவின் வாக்கு.

அந்த ஒரு புத்தியை நம்பித்தான், ஆறாந்தரம் படிக்கையில், பதுளை டவுனில் நடந்த கணக்குப் போட்டிக்குப் போனேன். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து போன முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்து அதிபருக்கு இஷ்டமில்லை. “பஸ் ஏறிப் போயி அவமானப்படணுமா?” என்றார். கணக்குச் சொல்லித்தந்த சேர் யாழ்ப்பாணத்துக்காரர், ரோசக்காரர். “இவள் தோத்தால், இனி ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போகமாட்டன்” என்று சொல்லிவிட்டார். ஆக, எனக்குப் பின்னால் வரவிருந்த பிள்ளைகளின் பஸ் பயணமெல்லாம் என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கடைசிச் சுற்றில் நானும் ஒரு டவுன் பையனும் மிஞ்சினோம். ஒரு கூடைக் கொழுந்தோடு அதன் ஏழில் ஒரு பங்கையும் சேர்த்தால் இருபத்து நான்கு கிலோ, கூடையில் எவ்வளவு? பையன் கரும்பலகையில் ‘எக்ஸ்’ போட்டுத் தொடங்கினான். சேர் எனக்கும் அதைக் காட்டித்தான் கொடுத்திருந்தார். பயத்தில் அது எந்த மலைக்கு ஓடியதோ! நான் ஏழு என்று எழுதினேன். ஏழும் அதன் ஏழில் ஒரு பங்கான ஒன்றும் எட்டு. இருபத்து நான்கு என்பது எட்டைப் போல மூன்று மடங்கு. அப்போது ஏழும் மூன்று மடங்காக வேண்டும். இருபத்தொன்று.

“டீச்சர், இவ குத்துமதிப்பா போடுறா!” என்று கத்தினான் பையன். அவன் விடையும் இருபத்தொன்றுதான். நடுவராக இருந்த டீச்சர் பலகையில் எழுதும் சோக்கட்டியோடு என் பக்கம் வந்தார். கடைசி வரிசையில் எங்கள் சேர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆர் பிள்ளை உமக்கு ஏழு எண்டு சொன்னது?”

“யாரும் சொல்லலைங்க டீச்சர். சும்மா வச்சேன். தப்புன்னு தெரியும். தப்பு எத்தன மடங்குன்னு பாத்தா சரி வந்துரும்ங்க.”

மண்டபமே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. இன்னொரு கணக்கு சொன்னார்: ஓர் எண், அதன் அரை, அதன் கால், மூன்றும் சேர்ந்தால் முப்பத்தைந்து. நான் நான்கு என்று வைத்தேன். நான்கும் இரண்டும் ஒன்றும் ஏழு. முப்பத்தைந்துக்கு ஐந்து மடங்கு. பையன் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே இருபது என்று எழுதிக் கையைத் தட்டிவிட்டேன்.

“அச்சா!” என்று டீச்சர் என் முதுகில் ஒன்று வைத்தார். “உமக்கு முந்தியே எகிப்தில ஆக்கள் இப்பிடித்தான் செய்தவை, தெரியுமே?”

முதல் பரிசு எனக்கு. திரும்பி வரும் பஸ்ஸில் சேர் உட்காரவே இல்லை. கண்டக்டரிலிருந்து கரட் மூட்டைக்காரர் வரை எல்லாருக்கும் என்னைக் காட்டிக்கொண்டே வந்தார்.

எனக்கு வேறு யோசனை. எங்கள் மலையில் பாதித் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் தன் ஊர்ப் பேரைத்தான் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எகிப்தும் லுணுகலை ஊருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தோட்டம் என்றே நினைத்தேன். அந்தக் கெட்டிக்காரர்கள் போய்ச் சேர்ந்து மூவாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது என்று தெரியாமல், அடுத்த வருஷம் அந்தத் தோட்டத்துப் பிள்ளையும் போட்டிக்கு வந்தால் என்ன செய்வது என்ற ஒரே கவலையோடு பரிசுக் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.