ஆண்குரலுக்கு விட்ட இடம்

என் மனைவி இறந்த பிறகும் முன்பின் தெரியாத ஆண்கள் அவளோடு டூயட் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். போனில் ஒரு கரோக்கி ஆப் உண்டு. பெண்குரல் வரிகளை மட்டும் பாடிவிட்டு ஆண்குரலுக்கு இடம் விட்டு வைக்கலாம். எங்கிருந்தோ ஒருவர் வந்து மீதியைப் பாடிச் சேர்ப்பார். கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவளுக்கு அதுதான் பொழுதுபோக்கு.

அவள் கடைசியாகப் பாடி வைத்தது ஒரு பழைய காதல் பாட்டு. என் வயதில் திருச்சியில் யாரும் அதிலிருந்து தப்பித்திருக்க முடியாது. முதலில் ரேடியோ. பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் பஸ்களில் தேய்ந்துபோன கேசட். மண்ணச்சநல்லூர்த் திருவிழா மேடையில் இரண்டு குரலையும் ஒரே ஆள் பாடிக் கைதட்டு வாங்கினார். எங்கள் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் அதை வாசித்தபோது என் மாமனார் முகத்தைச் சுளித்தார். அப்புறம் ஒரு புதுப்படத்தில் அதற்கு டமடமவென்று டிரம்ஸ் சேர்த்தார்கள். இப்போது சின்னப் பிள்ளைகள் கிடாரை வைத்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் பாடுகிற மாதிரி பாடுகிறார்கள். "பாட்டக் கொல்றாங்க" என்று அவள் டிவியை அணைத்துவிடுவாள். எனக்கு எல்லாம் ஒன்றுதான். பாட்டு விஷயத்தில் நான் ஞானசூன்யம்.

ஒரு நாள் காலை காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் காரியமெல்லாம் முடிந்தது. எனக்கு அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், கரண்ட் பில் கட்டினேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "மனசத் தேத்திக்கங்க" என்றார்கள். தேற்றுகிற அளவுக்கு உள்ளே எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் போனுக்கும் பழக்க தோஷத்தில் சார்ஜ் போட்டுவந்தேன். அது அவ்வப்போது மணியடிக்கும். எடுத்துப் பார்த்ததில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து வந்த மகள்தான் பார்த்தாள்.

"என்னப்பா இது? அம்மா இல்லைன்னு தெரியாம யார் யாரோ கூடப் பாடிட்டிருக்காங்க. 'அடுத்த பாட்டு எப்போ சிஸ்டர்'னு வேற கேக்குறாங்க. எனக்குக் கஷ்டமா இருக்குப்பா. எல்லாத்தையும் அழிச்சிடலாம்."

"உன் இஷ்டம்மா" என்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அழிக்கும் முன் ஒரு தடவை கேட்கலாம் என்று, மஸ்கட்டிலிருந்து யாரோ சேர்ந்து பாடியதை அவள் ஓடவிட்டாள். பல்லவி முடிந்தது. நடுவில் வருகிற புல்லாங்குழலுக்குள் ஒரு குக்கர் விசில். உடனே என் மனைவியின் குரல்.

"ஏங்க, மூணு விசில் வந்தாச்சு. அடுப்ப நிறுத்துங்க."

தூரத்தில் ஹாலிலிருந்து ஒருவன் "ம்ம்" என்கிறான். அது நான். நான் சொல்லி முடித்ததும் மஸ்கட்காரர் சரணத்தை எடுக்கிறார்.

மகள் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றவர்கள் பாடியதையும் அந்த இடம் வரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். கொழும்புக்காரர், கோயம்புத்தூர்க்காரர், எல்லாரோடும் என் மனைவி பாடுகிறாள். அந்த இடத்தில் மட்டும் என்னைக் கூப்பிடுகிறாள். குரலில் சின்னப் பிசிறு தட்டினாலும் மறுபடி மறுபடி பாடுகிறவள், இதை ஏன் அப்படியே விட்டாள் என்று தெரியவில்லை.

"அழிக்க வேணாம்" என்றேன். "நானும் சேரணும். எத அமுக்கணும்?"

"நீங்க பாடப்போறீங்களாப்பா?"

மகள் அமுக்கிக் கொடுத்தாள். திரையில் எனக்கான வரிகள் வந்தன, போயின. வாயைத் திறக்கவில்லை. என் மனைவி தன் வரிகளைப் பாடினாள், நான் பாட வேண்டிய நேரமெல்லாம் சும்மா இருந்தாள். புல்லாங்குழல் வந்தது.

"ஏங்க, மூணு விசில் வந்தாச்சு. அடுப்ப நிறுத்துங்க."

"நிறுத்திட்டேம்மா" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

பாட்டு தொடர்ந்தது. சரணத்தில் அவள் தன் வரியைப் பாடிக்கொண்டிருக்கும்போதே நாலாவது விசில் கேட்டது. அன்றைக்கு நான் எழுந்தே போகவில்லை.