டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி

"இதை யார் சொன்னது மேடம்?"

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டிருந்த டாக்டர் ரெஜினா, பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கேட்ட கேள்வி இது. அவர் விரல் என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. 'மருந்து அலர்ஜி' என்ற கட்டம். அதில் நான் 'இல்லை' என்று போட்டிருந்தேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் முருகேசன். (இந்தப் பத்தியில் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) தொண்டை வலி, காய்ச்சல். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். அலர்ஜி பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை. காலையிலிருந்து வந்த எல்லோரும் 'அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க' என்றுதான் சொன்னார்கள். இவர் மட்டும் வேறு என்ன சொல்லிவிடப் போகிறார்... நானே போட்டுவிட்டேன்.

"யாரும் சொல்லலை டாக்டர்" என்றேன்.

அவர் முருகேசன் பக்கம் திரும்பினார். "முன்னாடி எப்பவாவது ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்குங்களா?"

"மாத்திரையெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணாதுங்க." கொஞ்சம் யோசித்தார். "ஒரு தடவை கால்ல அடிபட்டப்ப பென்சிலின் ஊசி போட்டாங்க. மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சே விட முடியலை. ரெண்டு நாள் பெட்ல வெச்சிருந்தாங்க. அது பழைய கதைங்க."

டாக்டர் பாதி எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். அதில் இருந்தது பென்சிலின் வகை மாத்திரை. புதுச் சீட்டில் வேறு மருந்து எழுதி, அதை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நிதானமாகச் சொல்லி அவரை அனுப்பி வைத்தார்.

நான் அந்த 'இல்லை'யை அழித்துவிட்டு 'பென்சிலின்' என்று டைப் அடித்தேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "கட்டம் காலியா இருந்தா நான் கேட்பேன் மேடம். நீங்க 'இல்லை'ன்னு போட்டுட்டா, கேட்டாச்சுன்னு நினைச்சுப்பேன். இன்னைக்கு என்னமோ உறுத்துச்சு, நிறுத்தினேன். நாளைக்கு உறுத்தணும்னு இல்லையே."

சரி, பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்குத் தென்னூரில் ஒரு கிளினிக்கில் என்ன வேலை? கேட்பீர்கள் என்று தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன் முதுகு வலி என்று நானே அங்கே பேஷண்டாகப் போயிருந்தேன். டாக்டர் ரெஜினாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. கெட்டிக்காரர். ஆனால் நான் பேசி முடிக்கும் வரை கம்ப்யூட்டரைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டே இருந்தார். எழுந்திருக்கும்போது சொன்னேன், "டாக்டர், நான் உள்ள வந்ததுலேர்ந்து நீங்க என் முகத்தைப் பார்க்கவே இல்லை."

அவருக்குக் கோபம் வரவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா? எல்லாத்தையும் ரெக்கார்ட்ல ஏத்தணுமே. நீங்க வேணா வந்து டைப் பண்ணிக் குடுங்க, நான் முகத்தைப் பார்க்கிறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருடம் ஆபீஸில் டைப் அடித்துவிட்டு, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் வீட்டோடு இருப்பவள். இங்கிலீஷ் தெரியும். தமிழைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கு மெடிக்கல் ஸ்க்ரைப் என்று பெயராம். பேஷண்ட் சொல்வதையும் டாக்டர் சொல்வதையும் கேட்டு, அப்போதே ரெக்கார்டில் பதிவது. இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நிறைய இருந்தது.

முதல் நாள் முழங்கால் வலியோடு வந்த ஓர் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். மருமகளோடு அவருக்கு இருந்த மனஸ்தாபம் உட்பட. டாக்டர் படித்துவிட்டுக் கேட்டார்: "நல்லா இருக்கு மேடம். வலி எந்தக் கால்ல?" நான் எழுதவில்லை.

இரண்டாவது வாரம் 'மயக்கம்' வந்தது. ஒருவர் "மயக்கமா வருதுங்க" என்றார். நினைவு தப்பி விழுகிறார் என்று இங்கிலீஷில் போட்டேன். டாக்டர் அவரைக் கேட்டார்: "கீழ விழுந்தீங்களா, இல்ல தலை சுத்துச்சா?" தலையும் சுற்றவில்லையாம். காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போனால் உடம்பு தள்ளாடுகிறதாம். மூன்றுக்கும் நாம் வைத்திருப்பது ஒரே சொல். அன்றிலிருந்து, அர்த்தம் உறுதியாகத் தெரியாத இடத்தில் பேஷண்ட் சொன்ன தமிழையே மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுவது என்று வைத்துக்கொண்டோம்.

இப்படியே தேறி, வேலை கைக்கு வந்துவிட்டது என்ற தைரியம் வந்தபோதுதான் அந்த வியாழக்கிழமை.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நகராமல் நின்றது. 'இந்த வேலை நமக்கு வேண்டாம்' என்று நினைத்தேன். பத்தியில் ஒரு தேதி தப்பினால் நீங்கள் கடிதம் போடுவீர்கள். இங்கே தப்பினால்? ஆனால் பஸ் நகர்வதற்குள் இன்னொன்றும் தோன்றியது. எனக்கு டைப்பிங்கில் குறை இல்லை, இங்கிலீஷில் குறை இல்லை. காலி இடத்தைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை... அவ்வளவுதான். எழுதுகிறவளின் வியாதி. அதைத் திருத்திக்கொள்ள முடியும்.

மறுநாள் சீக்கிரமே போனேன். கேட்காத கட்டங்களைக் காலியாக விட்டேன். ஒவ்வொருவரும் எழுந்திருப்பதற்குள், "டாக்டர், அலர்ஜி கேட்கலை" என்று வாய்விட்டுச் சொன்னேன். கூச்சமாகத்தான் இருந்தது. டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்டார்.

அடுத்த வாரம் உப்பிலியபுரத்திலிருந்து செல்லம்மாள் வந்தார். ஐம்பது வயது, விவசாயம். "நெஞ்சு கரிக்குதுங்க, கேஸ் போல இருக்கு" என்றார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் குடித்த டானிக்கின் காலி பாட்டிலையும் கொண்டுவந்திருந்தார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு அவர் முதுகில் வைத்தார்.

அப்போதும் செல்லம்மாள் பேச்சை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்துப் பேசினார். "கொல்லைக்காட்டுக்கு மேடு ஏறிப் போனா கரிக்குதுங்க. கொஞ்சம் நின்னா விட்டுடுது. திரும்ப ஏறினா திரும்பக் கரிக்குது."

டாக்டருக்கு அது கேட்டிருக்காது. இதை எழுதுவதா? போகிற போக்கில் சொன்னது. பழைய நானாக இருந்தால் 'நெஞ்செரிச்சல்' என்ற ஒரே வார்த்தையில் அதைக் கரைத்திருப்பேன். அன்று அவர் சொன்னதைச் சொன்னபடியே, மேற்கோள் குறிக்குள் டைப் அடித்தேன்.

செல்லம்மாள் சீட்டை வாங்கிக்கொண்டு கீழே மருந்து வாங்கப் போய்விட்டார். கையெழுத்துக்கு முன் ரெக்கார்டைப் படித்த டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இதை எப்ப சொன்னாங்க?"

"நீங்க முதுகுல ஸ்டெத் வெச்சிருந்தப்ப."

"இப்படியேதான் சொன்னாங்களா?"

"எழுத்துக்கு எழுத்து டாக்டர்."

"ஏறினா வந்து, நின்னா விட்டுடுதுன்னா அது கேஸ் இல்லை மேடம், இதயமா இருக்கலாம்" என்று அவரே எழுந்து மாடிப்படிக்கு ஓடினார். செல்லம்மாளைக் கூட்டி வந்து ஈ.சி.ஜி. எடுத்தார். அன்று மதியமே இதய டாக்டரிடம் அனுப்பினார். ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள்.

போன வாரம் செல்லம்மாள் வந்திருந்தார். படியில் ஏறித்தான் வந்தார். டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, என்னைக் காட்டி, "இவங்க எழுதி வெச்சதைப் பார்த்துத்தாம்மா உங்களைத் திரும்பக் கூப்பிட்டேன்" என்றார்.

செல்லம்மாள் என்னைப் பார்த்தார். "அப்படி என்னங்க எழுதினீங்க?"

நான் திரையில் பழைய பக்கத்தைத் திறந்து, அந்த மூன்று வரியை வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

"இதுங்களா? இது நான் சொன்னதுதானே."

எழுத வந்த இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல விமர்சனம் இதுதான்... நீங்கள் போட்ட கடிதங்களையெல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.